நூர் லாட்ஜ் கிணறு

786

நூர் லாட்ஜ்,
மரக்காணம்.
7.9.2025

என் பிரியமுள்ள மச்சானுக்கு மெஹரூன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் நம் மகள் ஹுமாவும் இங்கே சுகம். ஹுமா காலேஜுக்கு வசதியாகக் கோட்டக்குப்பத்தில் என் தங்கை வீட்டிலேயே இருக்கிறாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கே வந்துவிடுகிறாள். ஷார்ஜா வெயிலில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறதோ என்ற கவலைதான் எனக்கு. போனில் கேட்டால் "இருக்கேன்" என்கிறீர்கள். அதிலிருந்து நான் என்ன தெரிந்துகொள்வது?

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் பேசினால் பாதியில் உங்களுக்குக் கோபம் வருகிறது, மீதியில் எனக்கு வருகிறது. உங்கள் ரூமில் இருக்கிறவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு வேறு இருக்கிறார்கள். தங்கை வீட்டுக்காரர் வியாழக்கிழமை பிளைட் ஏறுகிறார். அவர் வசம் நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரைக்கும் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். புருஷோத்தமன் மறுபடியும் வந்திருந்தார். தெற்கே புதிதாக எழும்பியிருக்கிற பெரிய ரிசார்ட்டுக்கு இடம் முடித்துக் கொடுக்கிற புரோக்கர், உங்களிடம் போனில் "பாய், பாய்" என்று உருகுகிறாரே, அவர்தான். லாட்ஜை வாங்குகிறவர்கள் ரூமைப் பார்ப்பார்கள், மாடியைப் பார்ப்பார்கள் என்று நான் காலையிலிருந்து கூட்டிப் பெருக்கி, வேலைக்கு வருகிற மலர்கொடியை விட்டு எல்லா ரூமிலும் விரிப்பு மாற்றி வைத்திருந்தேன். அந்த மனுஷன் ஒரு கதவைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. நேரே பின்பக்கம் போனார். கிணற்றில் வாளியை விட்டு இறைத்தார், ஒரு வாய் குடித்தார், ஒரு பாட்டிலில் பிடித்துக் காரில் வைத்துக்கொண்டார். ரூமைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "ரூம இடிக்கத்தானம்மா போறோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மச்சான். அவர்களுக்கு நம் லாட்ஜ் வேண்டாம். இடம் அவர்களிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. இல்லாதது நல்ல தண்ணீர். நீச்சல் குளம் கட்டிவிட்டார்கள், புல் வளர்க்கிறார்கள், வருகிறவர்கள் குளித்துக்கொண்டே இருக்கிறார்கள். உப்பளத்து ஓரமாக எங்கே போர் போட்டாலும் உப்புதான் ஏறுகிறது. மணல்மேட்டு மேலே நம் கிணறு ஒன்றுதான் இன்னும் இனிக்கிறது. இங்கிருந்து பைப் போட்டு அங்கே கொண்டுபோவார்களாம். அதையும் அவரே சொன்னார்.

நீங்கள் போன தடவை வந்தபோது இருந்த லாட்ஜ்களில் பாதி இப்போது இல்லை. ரோகிணி லாட்ஜ் இடித்தாயிற்று. பஸ்ஸில் கண்டக்டர் மட்டும் இன்னும் "ரோகிணி எறங்கு" என்று சத்தம் போடுகிறார். இறங்குகிறவர்கள் ஒரு நீளச் சுவருக்கு முன்னால் நிற்கிறார்கள். ஸீ கிங் காம்பவுண்டைப் போன புயலில் கடல் கொண்டுபோயிற்று, பிறகு அவர்களும் திரும்பி வரவில்லை. கன்னியப்பன் அண்ணனுடைய டூரிஸ்ட் ஹோமில் இப்போது இறால் தீவன மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஆரோக்கியசெல்வி அக்காவின் காட்டேஜை ரிசார்ட்காரர்கள்தான் வாங்கித் தரைமட்டம் ஆக்கியிருக்கிறார்கள். அக்கா ஆவடியில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் பண்ணினால் முதலில் "உன் கெணறு நல்லா இருக்குதா" என்றுதான் கேட்கிறார்.

அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த லாட்ஜைக் கட்டும்போது உங்கள் அத்தா இப்ராஹீம் மாமா எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார். இந்த மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் பாலில் ஆடை மாதிரி மேலாகத்தான் நிற்கிறது, அதற்குக் கீழே எல்லாம் உப்பு, ஆசைப்பட்டு இழுத்தால் கீழே இருப்பது மேலே வந்துவிடும் என்றார். மத்தியானம் லுஹர் பாங்கு சொன்னால் எல்லா லாட்ஜிலும் மோட்டாரை நிறுத்த வேண்டும், சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் போடக்கூடாது. சின்ன மோட்டார்தான் வைக்க வேண்டும். போர் போடவே கூடாது. இந்து, கிறிஸ்துவர், நாம் என்று பார்க்காமல் எல்லாரும் பாங்குக்கு மோட்டாரை நிறுத்தினார்கள். மத்தியானத்தில் குளிக்கக் கேட்கிற கஸ்டமரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வோம். அப்படியும் எல்லார் கிணறும் பிழைத்திருந்தது. கன்னியப்பன் அண்ணன் நீச்சல் குளம் வைத்தால்தான் ஆள் வருகிறது என்று போரை இறக்கினார். அவர் தண்ணீரும் கெட்டது, ஆரோக்கியசெல்வி அக்கா தண்ணீரும் கெட்டது. குளித்தால் சோப்பு நுரைக்காத லாட்ஜுக்கு எவன் வருவான்? இங்கே லாட்ஜ்கள் போனது ரிசார்ட்டால் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தண்ணீர் முதலில் போனது, அதற்குப் பிறகுதான் லாட்ஜ் போனது.

நம் வீட்டிலும் ஒரு தடவை அது நடக்கப் பார்த்தது, மறந்திருக்க மாட்டீர்கள். மேல்மாடி ரூமில் ஷவர் வர வேண்டும் என்று நீங்கள் ஆசையாக அந்தப் பெரிய மோட்டாரை வாங்கி மாட்டினீர்கள். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டோம். ஹுமா ஷவருக்குக் கீழே நின்று வெளியே வரவே மாட்டேன் என்றாள். மறுநாள் காலையில் டீ போட்டால் உப்புத் தண்ணீரில் பால் திரிந்துபோயிற்று. உங்கள் முகம் போன போக்கை இன்னும் நினைத்துச் சிரிப்பேன். மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் போட்டோம். மழைக்காலம் முடிகிறவரை கிணற்றைச் சும்மா விட்டோம், அப்புறம்தான் பழைய ருசி திரும்பியது.

மச்சான், உங்களுக்கு அங்கே முடியவில்லை என்று எனக்குத் தெரியும். இதை விற்றால்தான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வர முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் வருவதை நான் வேண்டாம் என்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு லீவுக்கும் வந்து இறங்கினால் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நேரே கிணற்றடிக்குத்தான் போவீர்கள். வாளியைத் தூக்கி அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டு, சட்டையெல்லாம் நனைந்து, அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்புவீர்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். அந்தக் கிணற்றில் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண்கள் காலையும் மாலையும் குடத்தோடு நிற்கிறார்கள். கிணற்றடிக் கதவுக்கு மாமா பூட்டே வைக்கவில்லை. விற்பதற்குப் புருஷோத்தமன் பேரில் பவர் எழுதிக் கொடுக்கும் முன்னால் என்னோடு ஒரு வார்த்தை பேசுங்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும்.

உங்கள்
மெஹரூன்னிசா


786

மரக்காணம்.
28.9.2025

மச்சானுக்கு ஸலாம்.

ஊறுகாய் கிடைத்தது என்று தங்கை வீட்டுக்காரரிடம் சொன்னீர்களாம். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

நேற்று புருஷோத்தமன் தன் போனில் எனக்கு ஒரு படம் காட்டினார். நீங்கள் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பவர் பத்திரம். உங்கள் கையெழுத்தை நான் அந்த மனுஷன் போனில் பார்க்க வேண்டியதாயிற்று. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொன்னார். பத்திரம் பதிகிறதுக்கு முன்னால் கம்பெனி இன்ஜினீயர் சென்னையிலிருந்து மெஷினோடு வந்து தண்ணீரைச் சோதிப்பாராம், வருகிற புதன்கிழமை. நல்ல தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தால் வெள்ளிக்கிழமையே ரிஜிஸ்டர் ஆபீஸ். நான் தர மாட்டேன் என்று நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் பக்கத்து மனையைக் காட்டினார். ஆரோக்கியசெல்வி அக்கா வீடு இருந்த இடத்தில், நம் வேலியை ஒட்டி, போர் போடுகிற லாரி வந்து நிற்கிறது. கிணற்றைக் கொடுத்தாலும் எடுப்பார்கள், கொடுக்காவிட்டால் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து இழுப்பார்கள். அந்த லாரியைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

நம்மிடம் ரூம் பெருக்குகிற மலர்கொடி இதைக் குப்பத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். இன்று மத்தியானம் பெண்கள் எல்லாரும் கிணற்றடிக்கு வந்துவிட்டார்கள். கலெக்டருக்கு மனு கொடுக்கலாம் என்றார்கள் சிலர். மனு போய்ச் சேருவதற்குள் போர் இறங்கிவிடும் என்றார்கள் மற்றவர்கள். நான் யோசிக்காமல், இந்தக் கிணறு புதன்கிழமை மட்டும் உப்பாக இருந்துவிட்டால் எவனும் இந்தப் பக்கம் திரும்பமாட்டான் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மலர்கொடி பின்பக்கம் போய், சாக்கில் சுற்றிக் கிடந்த உங்கள் மோட்டாரைக் காலால் தட்டிக் காட்டினாள்.

மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. போன தடவை தண்ணீர் திரும்பியது, இந்தத் தடவை திரும்பாமலே போனால்? குப்பத்துக்கும் நல்ல தண்ணீர் இல்லை, நமக்கும் லாட்ஜ் இல்லை. இது என் ஒருத்தி கிணறு இல்லை, நீங்கள் எல்லாரும் சம்மதித்தால்தான் என்று சொன்னேன். லட்சுமியம்மாள் என்று ஒரு வயதானவர், மலர்கொடியின் மாமியார், அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. நல்ல தண்ணியைக் கெடுக்கிறது பாவம் என்று சத்தம் போட்டார். மலர்கொடிதான் அவரிடம் சொன்னாள்.

"நாம இழுத்து உப்பானா நிறுத்திடலாம் அத்த. அவன் இழுத்தா நிறுத்தவே மாட்டான்."

அந்த அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு குடத்தோடு திரும்பி வந்தார்.

இப்போது நம் லாட்ஜைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். உப்பாகும் முன்னால் இறைத்து, எல்லா ரூமிலும் தண்ணீர் சேர்த்துவிட்டோம். குடம், அண்டா, டிரம், மீன் போடுகிற ஐஸ் பெட்டியைக் கழுவிக்கூட நிரப்பி வைத்திருக்கிறார்கள். கட்டில்களைச் சுவரோரம் நிமிர்த்திவிட்டோம். சீசனில்கூட நம் லாட்ஜ் இப்படி நிறைந்ததில்லை.

நாளை காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு உங்கள் மோட்டாரைக் கிணற்றில் இறக்கப் போகிறோம். புதன்கிழமை வரைக்கும் லுஹருக்கும் நிறுத்தப் போவதில்லை. இதை எழுதுகிறபோது மாமா முகம்தான் கண்ணில் நிற்கிறது. உங்களிடம் கேட்காமல் செய்கிறேன். உங்களிடம் கேட்க வழியை நீங்கள் வைக்கவில்லை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

எனக்காக இல்லாவிட்டாலும் இந்தக் கிணற்றுக்காகத் துஆ செய்யுங்கள்.

மெஹரூன்னிசா


786

நூர் லாட்ஜ்,
மரக்காணம்.
9.11.2025

என் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். அதற்குப் பிறகு உங்கள் போனை நான் எடுக்காதது திமிரால் இல்லை. "எல்லாத்தையும் கெடுத்துட்ட மெஹரு, இனிமே எத வெச்சு நான் ஊருக்கு வர்றது" என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்றுதான் எடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். புருஷோத்தமன் சொன்னதை மட்டும் வைத்து என்னைத் தீர்மானிக்காதீர்கள்.

மோட்டார் ஓடியது. தண்ணீரை வாய்க்கால் வெட்டி உப்பங்கழிக்குத் திருப்பிவிட்டோம். முதல் நாள் போனதெல்லாம் நல்ல தண்ணீர். கண்ணால் பார்க்க முடியவில்லை. லட்சுமியம்மாள் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து கையால் அள்ளி அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மலர்கொடி ஒரு வாய் எடுத்துத் துப்பினாள். நானும் குடித்துப் பார்த்தேன். தொண்டையில் இறங்கவில்லை. நாங்கள் வேண்டியது கிடைத்துவிட்டது, ஆனால் ஒருத்தர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

புதன்கிழமை காலையில் மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் சுற்றினோம். புருஷோத்தமன் காரில் இன்ஜினீயர் வந்து இறங்கினார். இலக்கியா என்று பெயர், ஹுமாவைவிடக் கொஞ்சம் பெரிய பெண். என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மெஷினைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். திரும்ப விட்டுப் பார்த்தார். இதில் உப்பு அதிகம் இருக்கிறது சார் என்றார். புருஷோத்தமனுக்கு முகம் மாறிவிட்டது. நான் குடித்த தண்ணீர், தேன் மாதிரி இருந்தது என்று சத்தம் போட்டார். காரிலிருந்து பழைய பாட்டிலை எடுத்துவந்து நீட்டினார். அதையும் அந்தப் பெண் சோதித்தார். அது நல்ல தண்ணீர் என்று மெஷின் காட்டிவிட்டது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இந்தம்மா எதோ பண்ணியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே புருஷோத்தமன் வராண்டாவில் ஏறினார். ரூமைத் திறவுங்கள் என்றார். ரூமெல்லாம் ஆள் இருக்கிறது என்றேன். வாசலில் ஒரு வண்டிகூட இல்லையே என்றார். நாலாம் நம்பர் கதவுப் பிடியில் கையை வைத்துவிட்டார். அந்த ரூமில் தரையெல்லாம் குடம். பார்த்தால் எல்லாம் முடிந்தது. உள்ளே பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், கோஷா, வெளி ஆண்கள் திறக்கக்கூடாது என்று குரலை உயர்த்திச் சொன்னேன். சொல்லி வாயை மூடவில்லை, உள்ளேயிருந்து யாரோ இருமினார்கள். மலர்கொடிதான். தண்ணீருக்குக் காவல் உள்ளேயே படுத்திருந்தாளாம். அவர் கையை எடுத்துக்கொண்டார். பெண்பிள்ளை இருக்கிறது என்று நான் சொன்னது பொய்யும் ஆகவில்லை.

இன்ஜினீயர் பெண் இதற்குள் கிணற்றைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டார். புதிதாக வெட்டிய வாய்க்கால், ஈர மணல், விளிம்பில் கயிறு உராய்ந்த இடம் எல்லாம் கண்ணில் பட்டிருக்கும். என்னிடம் வந்து, எப்பவும் இப்படித்தானா அம்மா என்று மட்டும் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"அளவா எடுத்தா இனிக்கும்மா. அளவு மீறினா இப்படித்தான் ஆவுது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். புருஷோத்தமனிடம் போய், யார் என்ன பண்ணியிருந்தாலும் சரி சார், சீக்கிரத்தில் இப்படி மாறுகிற தண்ணீர் ரிசார்ட்டுக்குத் தாங்காது, இங்கே போர் போட்டாலும் இதே கதிதான், பைப் போடுகிற செலவு வீண் என்று எழுதித் தரப் போகிறேன் என்றார். எனக்காக அவர் எதையும் மறைக்கவில்லை, மச்சான். உள்ளதைத்தான் சொன்னார். மாமா சொன்னதும் அதுதானே. சாயங்காலம் அந்த லாரி கிளம்பிப் போனது. பவர் பத்திரம் இனி வேண்டாம் என்று உங்களுக்கு அன்றைக்கே போன் வந்திருக்கும்.

ஜெயித்துவிட்டோம் என்று நான் குதிக்கவில்லை. ரூமில் இருந்த தண்ணீரைக் குடிக்க மட்டும் என்று சிக்கனமாகச் செலவழித்தோம், அதுவும் தீர்ந்துவிட்டது. இப்போது லாரித் தண்ணீர் வருகிற அன்று வரிசையில் நிற்கிறோம். குப்பத்தில் சிலர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பாய் வீட்டம்மா தன் கிணற்றையும் கெடுத்து நம் வாயையும் கெடுத்துவிட்டாள் என்று காதுபடப் பேசுகிறார்கள். கேட்டுக்கொள்கிறேன். வெளியே "ரூம் உண்டு" போர்டையும் கழற்றிவிட்டேன். பாண்டிச்சேரி போகிற வழியில் நம் லாட்ஜில் தங்கிப் பழகிய ஒரு குடும்பம் வந்து, இதுவும் போய்விட்டதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். போகவில்லை, மூடி வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். அவர்கள் நம்பின மாதிரி தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். மணல்மேட்டில் விழுகிற மழை ஒரு சொட்டுகூட ஓடாமல் உள்ளேயே இறங்குகிறது. தினமும் காலையில் நானும் மலர்கொடியும் ஒரே ஒரு வாளி இறைத்து ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பார்க்கிறோம். இன்று காலை அவள் இனிக்கிறது என்றாள். எனக்கு இன்னும் கரிக்கிறது. அவளுக்கு இனிக்க வேண்டும் என்று ஆசை, எனக்கு இனிக்காதோ என்று பயம். எங்கள் இரண்டு பேர் நாக்கையும் நம்ப முடியாது.

வேலையை விட்டுவிடுவதாக அங்கே எழுதிக் கொடுத்தாயிற்று, இனி திரும்பச் சேர்க்க மாட்டார்கள் என்று ஹுமாவிடம் சொன்னீர்களாம். விட்டது விட்டதாகவே இருக்கட்டும். எதை வைத்து வருவது என்று கேட்டீர்களே, ஒன்றும் வைக்காமலே வாருங்கள். இடத்தை விற்ற மனுஷனாகத்தான் நீங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று யார் சொன்னது? எனக்கு வேண்டியது நீங்கள். முன்னாலேயே இதைச் சொல்லியிருக்கலாம். போனில் இதெல்லாம் வாயில் வருவதில்லை.

கோபம் தீர்ந்த பிறகு வருகிறேன் என்று இருந்துவிடாதீர்கள். கோபத்தோடேயே வாருங்கள். வந்ததும் என்னிடம் பேசக்கூட வேண்டாம். வழக்கம்போலப் பெட்டியைக் கீழே வைக்காமல் நேரே கிணற்றடிக்குப் போங்கள். ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சொல்லுங்கள். கரித்தால் கரிக்கிறது என்றே சொல்லுங்கள், இரண்டு பேருமாகச் சேர்ந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கலாம்.

உங்கள் மூட்டுக்கும் மனசுக்கும் அல்லாஹ் லேசாக்கித் தரட்டும். வாளியைக் கழுவிக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
மெஹரு